கணக்குப்பிள்ளை செய்த பொம்மை ரெயில்

பொம்மை ரெயிலைக் கண்டு ஆசைப்படாத குழந்தை உண்டா? முன்னே என்ஜின், பின்னே பெட்டிகள், வட்டமாகத் தண்டவாளம். சாவி கொடுத்து விட்டால் ரெயில் ஓடுகிறது. வேடிக்கை பார்க்க வீடே கூடிவிடுகிறது.

ஆனால் அந்த ரெயில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கவிழ்ந்துவிட்டால்? மறுநாள் சாவி கொடுத்தும் அசையாமல் நின்றுவிட்டால்? குழந்தையின் முகம் வாடிவிடும். பெற்றோர் கொடுத்த பணமும் வீண்.

பொம்மைதானே என்று அதை அலட்சியமாக விட்டுவிடாத மனிதர் ஒருவர் இருந்தார். பொம்மையும் ஒழுங்காக ஓட வேண்டும், பழுதானால் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற வழியில் உழைத்தார். அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி.

அவர் என்ஜினீயர் அல்ல. என்ஜினீயரிங் படித்தவரும் அல்ல. ஓர் இறைச்சி வியாபாரியிடம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளை!

கடை மூடப்பட்டது

இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் ஒன்று லிவர்பூல். அங்கே 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பிராங்க் ஹார்ன்பி பிறந்தார். அவருடைய தந்தை மளிகைப் பொருள் வியாபாரி.

ஹார்ன்பி 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். தந்தையின் கடையில் காசாளராக உட்கார்ந்தார். 1887-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்துகொண்டார். அவர் பள்ளி ஆசிரியை. இவர்களுக்கு ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்கள். ஒரு மகளும் உண்டு.

1899-ல் தந்தை இறந்தார். கடையும் மூடப்பட்டது. அப்போது ஹார்ன்பிக்கு வயது 36. குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. வெளிநாட்டிலிருந்து இறைச்சி தருவித்து விற்ற எலியட் என்பவரிடம் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார்.

பகல் முழுவதும் கணக்கு. வீட்டுக்கு வந்தால் தகரம், உளி, சுத்தியல்! தம் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிப் பாலம், வண்டி, கிரேன் என்று தாமே பொம்மைகள் செய்து கொடுப்பார்.

ரெயிலில் பிறந்த யோசனை

இதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு பொம்மைக்காகச் செய்த பாகம் இன்னொரு பொம்மைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பொம்மைக்கும் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு சிறு துண்டு குறைந்தாலும் வேலை நின்றுவிடும்.

ஒரு முறை ரெயிலில் போகும்போது, பாரம் தூக்கும் கிரேன் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் அவர் மனதில் ஒரு யோசனை பளிச்சிட்டது. எல்லாப் பாகங்களிலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் துளைகள் இருந்தால் என்ன? எந்தப் பாகத்தையும் எந்தப் பாகத்தோடும் போல்ட்டு நட்டு போட்டு முடுக்கிவிடலாமே! இன்று கிரேன் செய்யலாம். நாளை அதையே கழற்றிப் பாலம் கட்டலாம்.

வீட்டுக்கு வந்தார். தாமிரத் தகட்டை அரை அங்குல அகலப் பட்டைகளாகக் கையாலேயே வெட்டினார். அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டார். பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தின. பிள்ளைகள் குதித்தார்கள்.

ஐந்து பவுன் கடன்

இந்த யோசனையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டும் அல்லவா? அதற்குச் சர்க்காரிடம் பேட்டண்டு உரிமை வாங்க வேண்டும். அதற்கான பணம் அவரிடம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் வாங்கினார். 1901-ல் உரிமையும் கிடைத்தது.

எலியட் நல்ல மனம் படைத்தவர். தம் ஆபீசுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் கொடுத்தார். பிறகு தொழிலில் கூட்டாளியாகவும் சேர்ந்தார்.

1902-ல் பொம்மைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதில் 16 வகைப் பாகங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு 12 விதமான பொம்மைகள் செய்ய வழிகாட்டும் தாளும் இருந்தது. விலை ஏழரை ஷில்லிங்.

1903-ல் 1,500 பெட்டிகள் விற்றன. ஆனால் லாபம் ஒரு காசு கூட இல்லை! ஹார்ன்பி மனம் தளரவில்லை. 1906-ல்தான் முதன் முதலாகச் சிறிது லாபம் கண்டார்.

அடுத்த ஆண்டு வேறொரு சங்கடம் வந்தது. பாகங்களைச் செய்து கொடுத்த வெளியாட்களால் தேவைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ஹார்ன்பி துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். மாதச் சம்பள வேலையை விட்டார். லிவர்பூல் டியூக் தெருவில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். கடன் வாங்கித் தாமே பாகங்களைச் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 44.

அதே 1907-ல் தம் பொம்மைக்கு 'மெக்கானோ' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டு மெக்கானோ கம்பெனி பிறந்தது. 1914-ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலையே எழுந்தது.

ரெயில் வந்தது

முதலாவது உலகப் போருக்கு முன்னால் பொம்மை ரெயில் என்றால் ஜெர்மனிதான். ஜெர்மன் கம்பெனிகளின் ரெயில்கள் பிரிட்டிஷ் கடைகளை நிரப்பின. போர் மூண்டதும் அந்த வரவு நின்றது.

போர் முடிந்தது. 1920-ல் ஹார்ன்பி தம் பெயரிலேயே பொம்மை ரெயிலை வெளியிட்டார். அதன் தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். சாவி கொடுத்தால் ஓடும்.

முதலில் வந்த அந்த என்ஜினும் வண்டிகளும் மெக்கானோ முறைப்படியே போல்ட்டு நட்டு கொண்டு இணைக்கப்பட்டிருந்தன. ஸ்குரூ டிரைவரும் ஸ்பானரும் இருந்தால் போதும். பிள்ளைகளே பிரிக்கலாம், மீண்டும் பூட்டலாம். ஒரு பாகம் கெட்டுவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். முழு வண்டியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பிற்காலத்தில் போல்ட்டுக்குப் பதிலாகத் தகட்டின் காதை மடக்கிப் பூட்டும் முறை வந்தது. அப்போதும் கம்பெனி உதிரிப் பாகங்களை விற்றது. பழுது பார்த்தும் கொடுத்தது. ஹார்ன்பி ரெயில்கள் உத்தரவாதம் உள்ளவை என்று விளம்பரம் செய்தே விற்கப்பட்டன. பொம்மைக்கு உத்தரவாதம்!

எது ஓட வைக்கிறது?

பொம்மை என்ஜின் ஒழுங்காக ஓடுவது சின்ன விஷயம் அல்ல. சாவி கொடுக்கும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அது விரியும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. சாவி கொடுத்த உடனே வில்லுக்குப் பலம் அதிகம். என்ஜின் பாய்ந்து செல்லும். எடை குறைவாக இருந்தால் வளைவில் தூக்கி எறியப்படும். வில் விரிந்த பிறகு பலம் குறையும். அப்போது பல்சக்கரம் சிறிது உராய்ந்தாலும் வண்டி நின்றுவிடும்.

ஆகவே என்ஜினுக்குப் போதிய எடை வேண்டும். சக்கரங்கள் தண்டவாளத்தின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பல்சக்கரங்கள் இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. அச்சுகளில் ஒரு துளி எண்ணெய் வேண்டும். அதிகம் ஊற்றினால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

மயிரிழை பிசகினாலும் துளைகள் பொருந்தாத மெக்கானோவில் பழகிய தொழிற்சாலைக்கு இந்தக் கணக்கு கைவந்த கலையாக இருந்தது.

மின்சார ஆபத்து

1925-ல் ஹார்ன்பி மின்சார ரெயிலை வெளியிட்டார். லண்டன் மெட்ரோபாலிடன் ரெயில்வேயில் ஓடிய மின்சார என்ஜினைப் போல அது செய்யப்பட்டிருந்தது.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருந்தது. வீட்டு மின்சாரத்தையே, நடுவில் ஒரு விளக்கை மாட்டி, தண்டவாளத்துக்குக் கொடுத்தார்கள். குழந்தை தொட்டு விளையாடும் தண்டவாளத்தில் உயிரைப் பறிக்கும் மின்சாரம்! எவ்வளவு நன்றாக ஓடினால் என்ன, பிள்ளைக்கு ஆபத்து என்றால் அது பொம்மையா?

அந்த முறை விரைவில் கைவிடப்பட்டது. பேட்டரியில் ஓடக்கூடிய சில வோல்ட்டு என்ஜின்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 1930-களில் 20 வோல்ட்டு என்ஜின்கள் வந்தன. வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் குறைத்துக் கொடுத்தது.

மின்சார ரெயிலுக்கு இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. என்ஜினின் அடியில் உள்ள தகடு அதைத் தடவிக்கொண்டே மின்சாரத்தை எடுக்கும். தண்டவாளத்தில் அழுக்கு படிந்தால் மின்சாரம் தடைப்படும். வண்டி விக்கி விக்கி நிற்கும். ஆகவே சுத்தமான தண்டவாளமே நல்ல ஓட்டத்துக்கு முதல் மருந்து.

பொம்மையோடு கல்வியும் வேண்டும் என்பது ஹார்ன்பியின் எண்ணம். 1916 முதல் 'மெக்கானோ மேகசீன்' என்ற பத்திரிகை வெளிவந்தது. 1928-ல் பொம்மை ரெயில் வைத்திருக்கும் சிறுவர்களுக்காக 'ஹார்ன்பி ரெயில்வே கம்பெனி' என்ற சங்கமும் தொடங்கப்பட்டது.

பார்லிமெண்டில்

கணக்குப்பிள்ளை கோடீஸ்வரர் ஆனார். 1931-ல் லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சி சார்பில் பார்லிமெண்டு உறுப்பினரானார். 1935 தேர்தலில் அவர் நிற்கவில்லை.

1934-ல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் சின்னஞ்சிறு மோட்டார் கார்களை அவர் கம்பெனி விற்றது. துத்தநாகக் கலவையை வார்த்து இவை செய்யப்பட்டன. இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. கலவையில் ஈயம் கலந்துவிட்ட வார்ப்புகள் நாளடைவில் வெடித்து நொறுங்கின. வெளியே பளபளப்பாக இருந்தால் போதாது. உள்ளே இருக்கும் உலோகமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

இருதய நோயும் நீரிழிவும் ஹார்ன்பியை வாட்டின. 1936-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி அவர் காலமானார். வயது 73. லிவர்பூலுக்கு அருகே மாகல் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தை செய்த பொம்மைகளோடு விளையாடிய மகன் ரோலண்ட், கம்பெனியின் தலைவரானார்.

சின்ன ரெயில்

வீட்டில் இடம் குறைவு, பெரிய ரெயிலை எங்கே ஓட்டுவது? இதற்கு விடையாக 1938-ல் 'ஹார்ன்பி டூப்ளோ' வந்தது. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். பழைய ரெயிலில் ஏறக்குறையப் பாதி! சாப்பாட்டு மேஜையின் மேலேயே வைத்து ஓட்டலாம்.

அளவு குறையக் குறைய ஓட வைப்பது கடினம். சிறு தூசியும் பெரிய தடையாகிவிடும். என்ஜினின் மேற்கூட்டைத் தகட்டால் செய்யாமல் உலோகத்தில் வார்த்தார்கள். அதனால் எடை கூடியது. சக்கரம் தண்டவாளத்தை நன்றாகப் பற்றியது. 12 வோல்ட்டு மின்சாரத்தில் ஓடியது. மின்சாரம் செல்லும் திசையை மாற்றினால் என்ஜின் பின்னோக்கி ஓடியது.

1964-ல் மெக்கானோ கம்பெனி வேறொரு கம்பெனியின் கைக்குப் போனது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ஆனால் ஹார்ன்பி என்ற பெயர் அழியவில்லை. அந்தப் பெயரில் பொம்மை ரெயில்கள் இன்றும் விற்பனையாகின்றன. அவர் காலத்து என்ஜின்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஓட்டி மகிழ்பவர்களும் உலகில் பலர் இருக்கிறார்கள்.

கடை மூடி, கையில் காசில்லாமல் நின்றபோது ஹார்ன்பி செய்த பொம்மை, அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கானது. அதைச் சரியாகச் செய்தார். பிறகு ஊரார் பிள்ளைகளுக்குச் செய்தபோதும் அதே கவனத்தோடு செய்தார். நூறு ஆண்டுக்கு முந்தைய என்ஜினுக்கு இன்று சாவி கொடுத்தாலும் அது ஓடுகிறது என்றால், காரணம் அதுதான்.