அறிஞர் அண்ணாதுரையும் திருச்சிராப்பள்ளி வாக்குப் பெட்டிகளும்

தொண்டைநாட்டிலே காஞ்சிமாநகர்க்கு அணித்தாக உத்தரமேரூர் என்னும் ஊர் உளது. ஆண்டுள்ள கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு பொறிக்கப்பட்டிருத்தலை அன்பர்கள் பலரும் அறிவர். அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறை அவற்றுட் கூறப்பட்டுளது. எவர் பெயர் குடத்துட் புகலாம், எவர் பெயர் புகலாகாது என்பதும் ஆண்டு விரிவாக வரையறுக்கப்பட்டுளது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். தன் மனையிலே வீடெடுத்து வாழ்தல் வேண்டும். அகவை 35-க்கு மேலும் 70-க்கு உள்ளும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவரும் அவர்தம் சுற்றத்தாரும் விலக்கப்படுதல் வேண்டும். இவற்றை நோக்குமிடத்துத் தேர்தல் உள்ள இடமெங்கும் அதற்கொரு வாயிலும், வாயிற்கொரு காவலும் உண்டென்பது இனிது விளங்கும்.

அக்காஞ்சியிலே பிறந்து, இக்காலத் தேர்தல் வாயிலின் முன் தம் கூட்டத்தாருடன் பல்லாண்டு தயங்கி நின்று, பின்னர் உட்புகுந்து நாடாண்ட ஒருவர் வரலாற்றினையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தாம் அறிஞர் அண்ணாதுரை. நம் சங்கப் பத்திரிகையிற் கட்சி பேசுதல் வழக்கமன்று. ஆதலின் அவர்தம் கொள்கைகளை நிறுத்துப் பார்த்தல் எம் கருத்தன்று. பொருளும் பெயரும் இல்லாத சிறு கூட்டமொன்று தன்னை எவ்வாறு ஒழுங்குபடுத்திக் கொண்டது, வாக்குப் பெட்டியை அடைதற்கு எவ்வெவ் இடர்களைக் கடந்தது, அதன்பொருட்டு எதனை இழந்தது என்பவற்றை மட்டும் நம் குடும்பத்தார் உள்ளங்கொள்ளுமாறு கூறுவாம். அவ்வரலாற்றில் நம் திருச்சிராப்பள்ளிக்குச் சிறந்ததோர் இடம் உண்மையும் யாம் இதனை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம்.

அண்ணாதுரையார் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், நெசவிற்குப் பேர்போன குடியொன்றில், நடராசருக்கும் பங்காரு அம்மாளுக்கும் மகனாய்த் தோன்றினார். தொத்தா என்று அவர் அன்புடன் அழைத்த இராசாமணி அம்மையாரே அவரை வளர்த்தவர். காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியிற் பயின்று, வறுமை காரணமாகச் சின்னாள் நகராட்சியில் எழுத்தராயிருந்து, மீண்டும் கல்வியை நாடிச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, பொருளியலிலும் அரசியலிலும் உயர்பட்டம் பெற்றார். மாணவராயிருக்கும்போதே 1930-இல் இராணி அம்மையாரை மணந்தார். எம்மனோர் தொழிலாகிய ஆசிரியத் தொழிலையும் சிறிது காலம் மேற்கொண்டனர் என்பது எமக்கு உவகை தருவதொன்று.

1934-இல் திருப்பூரில் ஈ.வெ. இராமசாமிப் பெரியாரைக் கண்டது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. நீதிக்கட்சியின் சார்பிலே சென்னை நகராண்மைக் கழகத் தேர்தலில் நின்று 1936-இல் தோல்வியுற்றார். வாக்குப் பெட்டியோடு அவர் கொண்ட முதற்றொடர்பு இதுவே. 1938-இல் இந்தி எதிர்ப்பில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942-இல் திராவிட நாடு என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாய்ப் பெயர் மாறியது இவர் கொணர்ந்த தீர்மானத்தாலேயாம். பெரியாரின் திருமணத்தை ஒட்டி எழுந்த பிணக்கால் 1949 செப்டம்பரில் பிரிந்து வந்தோர், சென்னை இராயபுரத்து இராபின்சன் பூங்காவிற் கொட்டும் மழையிற் கூடித் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர். தலைவர் இருக்கையைப் பெரியார்க்கென வெற்றிடமாய் விடுத்து, அண்ணாதுரையார் பொதுச்செயலாளராய் அமர்ந்தார். மனம் வேறுபட்டுப் பிரிந்த பின்னும் ஆசானுக்குரிய இருக்கையிற் பிறரை அமர்த்தாமை நம்மவர் போற்றத்தக்க ஒழுக்கமாகும்.

அக்கழகத்திற்கு அன்று செல்வர் துணையில்லை. ஊர்தோறும் கிளையமைத்தல், சிறுதொகை கொண்டு படிப்பகம் வைத்தல், அங்கு நாளிதழைப் பலர் கேட்க ஒருவர் உரக்கப் படித்தல், நாடகம் நடித்துப் பொருளீட்டல், மாலையில் தெருக்கோடியிற் கூட்டங் கூட்டல் ஆகிய இவையே அதன் முதல். தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் அதன் பாசறைகளாயின. நம் மாவட்டத்தில் அன்பில் தருமலிங்கனார் முதலியோர் இப்பணியில் முன்னின்றனர். 1953 சூலையில், சிமெண்டு ஆலையின் உரிமையாளர் பெயரால் டால்மியாபுரம் என வழங்கிய கள்ளக்குடிக்கு அதன் பழம்பெயரை மீட்டல் வேண்டுமென மு. கருணாநிதியார் தலைமையில் நிகழ்ந்த இருப்புப்பாதை மறியல், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர்களிலெல்லாம் அக்கழகத்தின் பெயரைப் பரப்பியது.

இதற்கிடையே 1952-இல் முதற் பொதுத்தேர்தல் வந்தது. வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த பெருநிகழ்ச்சி அது. கழகமோ அதிற் போட்டியிடாது, தன் கோரிக்கைகளைச் சட்டமன்றத்திற் பேசுவதாக ஒப்பமிட்டுக் கொடுத்தவர்களை மட்டும் ஆதரிப்பது என முடிவு செய்தது. தமிழ்நாட்டு உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அவ்வாதரவைப் பெற்றன. இவ்விரண்டும் வன்னியர் சமூகத்தாரின் அமைப்பிலிருந்து எழுந்தவை என்பது நம்போன்ற சங்கத்தார் கருதத்தக்கது. முன்னது 19 இடங்களும் பின்னது 6 இடங்களும் பெற்றன. பெற்றபின் நிகழ்ந்தது யாது? காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையிற் புகுந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாட்சியார் 1954-இற் காமராசர் அமைச்சரவையை அணிசெய்தார். ஒப்பமிட்ட ஓலை ஓலையாகவே நின்றது. பிறர் தோணியில் ஏறிக் கரைகாண நினைப்பார் துறையிலேயே இறக்கிவிடப்படுவர் என்னும் உண்மையைக் கழகத்தார் இதனால் உணர்ந்தனர்.

எனினும் தாமே தேர்தலிற் புகுவதா என்னும் வினா எளிதில் விடுவிக்கப்படுவதாயில்லை. பதவி ஆசை கொள்கையை அரித்துவிடும் என்று அஞ்சினார் பலர். பெரியாரும் தேர்தலைத் தம் இயக்கத்திற்கு வேண்டாததாகவே கருதினார். இந்நிலையிலே 1956 மே திங்களில் கழகத்தின் இரண்டாவது மாநில மாநாடு நம் திருச்சிராப்பள்ளியிற் கூடியது. இரா. நெடுஞ்செழியனார் அதற்குத் தலைமை தாங்கினார். மாநாட்டிற் பேச்சாளர் முழங்க, கேட்டோர் கைதட்ட, தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்ளுதலே அந்நாள் வழக்கம். அண்ணாதுரையார் அதனோடு அமையாது, தேர்தலில் ஈடுபடலாமா கூடாதா என்பதை வந்திருந்தோரே வாக்குச்சீட்டிட்டு முடிவு செய்யும்படி பெட்டிகள் வைப்பித்தார். ஈடுபடலாம் என்றோர் 56,942 பேர். கூடாது என்றோர் 4,203 பேர்.

எம் பாட்டனார் அக்கழகத்தைச் சார்ந்தவரல்லர்; திருவரங்கத்துச் சித்திரை வீதியில் மளிகைக்கடை வைத்திருந்தவர்; நெற்றியில் நாமமின்றிக் கடை திறவாதவர். அவர், இக்கூட்டத்தார் என்னதான் செய்கின்றனர் பார்ப்போம் என்று காவிரியின் பழைய பாலத்தைக் கடந்து சென்று கண்டு வந்ததாக எம் இளமையிற் பலகாற் கூறியுளார். பேச்சுக்களில் ஒன்றும் அவர் நினைவில் நிற்கவில்லை. மே மாதத்து வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிய உழவரும் நெசவாளரும் தம் கட்சியின் முடிவைத் தாமே செய்வதற்கு வரிசையாய் நின்றமை ஒன்றே அவர் நெஞ்சைவிட்டு நீங்காதிருந்தது. அவர் அதனைச் சொல்லுந்தோறும், கோயிற் சேவையிலும் இத்துணைப் பொறுமையைக் கண்டதில்லை என்று சிரித்து முடிப்பர்.

இனி, உட்புக விழைந்தார் கண்ட இடர்களைக் கூறுவாம். 1957 பொதுத்தேர்தலில் அக்கழகம் தேர்தல் ஆணையத்தால் ஏற்கப்பட்ட கட்சியன்று. ஏற்கப்படாத கட்சிக்கெனத் தனிச்சின்னம் ஒதுக்கப்படுவதில்லை. அதன் வேட்பாளர் சட்டத்தின் கண்ணிற் சுயேச்சைகளே. அந்நாளில் வாக்களிக்கும் முறையும் இன்றைய முறையின் வேறானது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். வாக்காளர் தம் சீட்டைத் தாம் விரும்பும் பெட்டியில் இடுதல் வேண்டும். 1951 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுவருக்கு 18 பேரே. ஆகவே பெட்டியின்மேல் உள்ள படமே வேட்பாளரின் பெயரும் முகமும் கொள்கையும் ஆயிற்று. கழகத்தார் உதயசூரியனை விரும்பிக் கேட்டனர். அது கிட்டாத தொகுதியில் வேறு சின்னம் ஏற்றுத் தெருத்தெருவாய்ச் சென்று, சுவரில் வரைந்தும் பாட்டிற் பாடியும் அதனை மக்கட்குப் பழக்குதல் வேண்டியிருந்தது. சட்டமன்றத்திற்கு 250 ரூபாயும் மக்களவைக்கு 500 ரூபாயும் வைப்புத்தொகை கட்டுதல் வேண்டும்; குறித்த பங்கு வாக்குப் பெறாக்கால் அது திரும்பாது. அந்நாளிற் பள்ளியாசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம் அது. ஊர்க் கிளைகளின் சிறுகாசு சேர்ந்தே அக்கட்டணமாயிற்று. படிப்பகத்தின் பயன் அப்போது வெளிப்பட்டது.

முடிவில் 15 பேர் சட்டமன்றத்திற்கும், ஈ.வெ.கி. சம்பத்தும் இரா. தருமலிங்கமும் ஆகிய இருவர் மக்களவைக்கும் சென்றனர். அண்ணாதுரையார் காஞ்சியில் வென்றார். அந்நாளில் நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த குளித்தலையில் மு. கருணாநிதியார் வென்றார். பெற்ற வாக்குக்களின் பங்கு நோக்கி 1958 மார்ச்சில் ஆணையம் அக்கழகத்தை ஏற்று, உதயசூரியனை அதற்கே உரிய சின்னமாக்கிற்று. 1959-இற் சென்னை மாநகராட்சியும் அதன் வசமாயிற்று.

வளர்ச்சியோடு துன்பமும் வந்தது. 1961-இற் சம்பத்து பிரிந்து தனிக்கட்சி கண்டார். 1962 தேர்தலிற் கழகம் 50 இடங்களை வென்றபோது அண்ணாதுரையார் தம் சொந்த ஊராகிய காஞ்சியிலே தோற்றார். நாடெங்கும் பிறர்க்காகச் சுற்றியவர்க்குத் தம் ஊர் கைவிட்டமை எத்தகைய நோவு! அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கேயே அவர்க்குப் பெருஞ்சோதனை காத்திருந்தது.

1963-இல் அரசியற்சட்டத்தின் 16-ஆம் திருத்தம் நிறைவேறியது. அதன்படி, தேர்தலில் நிற்பார் எவரும் இந்தியாவின் இறைமையையும் ஒருமையையும் காப்பதாக வேட்புமனுவோடு உறுதிமொழி எடுத்தல் வேண்டும். கழகத்தின் முதற்குறிக்கோளோ திராவிட நாட்டுப் பிரிவினை. அண்ணாதுரையார் அத்திருத்தத்தை மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார், பயன் விளைந்திலது. கொள்கையை வைத்துக்கொண்டு வாக்குப் பெட்டியை விடுவதா, வாக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு கொள்கையை விடுவதா? சீனப் படையெடுப்பின்போதே அக்கோரிக்கையை ஒதுக்கி வைத்திருந்த அவர், 1963-இற் கழக விதியையே திருத்தி அதனைக் கைவிட்டார். அது பின்வாங்கலென்று இகழ்வாரும், மதிநுட்பமென்று புகழ்வாரும் இன்றும் உளர். 1956-இல் 4,203 பேர் அஞ்சியது ஒருவாறு மெய்யாயிற்று என்பதை நடுநிலையாளர் ஒப்புவர். ஆயினும் வாயிலை மறுத்துக் காட்டிற்குச் செல்லாமையால் ஓர் இளந்தலைமுறை சிறையினின்றும் குருதியினின்றும் காக்கப்பட்டது என்றே யாம் கருதுகின்றோம். விட்டதை மறையாது, விட்டோம் என்று வெளிப்படச் சொல்லியமையும் போற்றத்தக்கதே.

1967-இற் கழகம் தனித்தே பெரும்பான்மை பெற, அண்ணாதுரையார் மார்ச்சு 6-ஆம் நாள் முதலமைச்சரானார். சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்டத்தின் ஏற்பும், இருமொழிக் கொள்கையும் அவர் காலத்தன. நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை 1969 சனவரி 14-ஆம் நாள் முறையாகப் பெற்றது. அப்பெயரிட்டவர் மூன்று வாரமே அதனைக் கேட்டிருந்தார். புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், தம் 60-ஆவது அகவையில் அவர் மறைந்தார்.

அன்பர்களே, இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? சில ஆண்டுகட்கு முன் ஓர் அமைப்பின் உட்டேர்தலுக்கு யாம் மனுச்செய்தோம். சந்தா கட்டிய இரசீதைப் பேணாது தொலைத்திருந்தமையால் அம்மனு தள்ளப்பட்டது. சினந்து சிலநாள் பேசித் திரிந்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் உத்தரமேரூர்க் கல்வெட்டு எம் நினைவிற்கு வந்தது. கணக்குக் காட்டாதவன் குடத்துட் புகலாகாது என்று ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே விதித்திருக்க, எமக்கு எதன்மேற் சினம்?

நம் சங்கத்திலும் உறுப்பினர் பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றதா? கிளைகள் கூடுகின்றனவா? முதன்மையான முடிவுகளில் நம் பெண்டிரும் இளைஞரும் சீட்டிடுகின்றனரா, அன்றி மேடையில் இருப்பார் கைதட்டலை முடிவெனக் கொள்கின்றனரா? மாற்றுக் கருத்தினர் தொகையையும் எண்ணி அறிவிக்கின்றோமா? வருகின்ற பொதுக்குழுவிற்கு முன் இவற்றை ஒவ்வொரு குடும்பத்தாரும் சிந்தித்தல் வேண்டும். வந்தோரைப் பார்வையாளராக வையாது, முடிவு செய்வாராக ஆக்கிய திருச்சிராப்பள்ளி மாநாடு, எக்கட்சியார்க்கும் எச்சங்கத்தார்க்கும் பொதுவான பாடம். அதனைக் கைக்கொள்ளின் நம் சங்கம் தழைக்கும். நம் மக்கள் வாழ்வு சிறக்கும்.