முப்பதில் எடுத்த தூரிகை

நுழையும் முன்

நவராத்திரி வந்தால் வேளிமலை முருகன் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுவார். விழா முடியும்வரை ஆரியசாலை அம்மன் கோயிலில் தங்குவார். அந்த ஊர்வலத்தைத் தந்தையின் தோள்மீது அமர்ந்து கண்ட குழந்தை, வளர்ந்து முதுமை எய்திய பின்னும் அதை மறப்பதில்லை. இளமையில் கண்ட காட்சிகள் மனத்தின் அடியில் தங்கியிருக்கும். காலம் வரும்போது அவை மேலெழும். அவ்வாறு மேலெழுந்த காட்சிகளால் ஓவியர் ஆனவர் சுனயனி தேவி. அவர் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

சுனயனி தேவி 1875ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கல்கத்தா நகரின் ஜோராசாங்கோ பகுதியில் வாழ்ந்த தாகூர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குணேந்திரநாதர், தாய் சௌதாமினி தேவி. கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறையினர். ககனேந்திரநாதர், சமரேந்திரநாதர், அவனீந்திரநாதர் ஆகிய மூவரும் இவருடைய அண்ணன்மார். சுனயனிக்கு ஆறு வயதானபோது, 1881இல், தந்தை காலமானார்.

தாகூர் இல்லம் கலைகள் செழித்த இல்லம். அங்கே பாட்டும் நாடகமும் ஓவியமும் நாள்தோறும் நிகழ்ந்தன. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஒரே வாழ்க்கை அமையவில்லை. அவனீந்திரநாதர் இத்தாலிய ஓவியர் ஒருவரிடமும் ஆங்கிலேய ஓவியர் ஒருவரிடமும் முறையாகப் பயின்றார். பெண்களோ வீட்டின் உட்பகுதியாகிய அந்தப்புரத்தில் வாழ்ந்தனர். ஓவிய ஆசிரியர் அங்கு வந்து பாடம் சொல்லும் வழக்கம் இல்லை.

எனினும் அந்தப்புரத்திலும் கண்ணுக்கு விருந்து இருந்தது. வீட்டுப் பெண்டிரின் அறைகளில் தெய்வப் படங்கள் தொங்கின. நோன்பு நாள்களில் அரிசிமாவைக் கரைத்துத் தரையில் அல்பனா என்னும் கோலம் இட்டனர். அது நம் வீட்டு வாசலில் இடும் மாக்கோலத்திற்கு உறவு உடையது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து, அவற்றின்மேல் பூவும் பறவையும் யானையும் நூலால் வரைந்தனர். காந்தா என்பது அத்தையலின் பெயர். காளி கோயில் தெருவில் விற்கும் படங்களும், சிற்றூர்க் குயவர் செய்த மண்பொம்மைகளும் வங்காள வீடுகளில் இடம்பெற்றிருந்தன. இவற்றையெல்லாம் கலை என்று அக்காலத்தில் கற்றோர் பலர் கருதவில்லை. சிறுமி சுனயனியின் கண்களோ அவற்றில் நிலைத்து நின்றன.

இளமையில் அவரைக் கவர்ந்த படங்களுள் இராஜா இரவிவர்மாவின் படங்களும் இருந்தன. இரவிவர்மா கிளிமானூரில் பிறந்தவர். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் வந்து, அரண்மனைச் சூழலில் ஓவியம் பயின்றவர். தெற்கே ஒரு கோடியில் வளர்ந்த அவருடைய கலை, கிழக்கே கல்கத்தாவில் ஓர் இளம்பெண்ணின் மனத்தைத் தொட்டது.

தூரிகை எடுத்தது

சுனயனிக்குப் பன்னிரண்டாம் வயதில் திருமணம் நடந்தது. கணவர் ரஜனிமோகன் சட்டோபாத்தியாயர், சீர்திருத்தச் செம்மல் இராஜாராம் மோகன் ராயின் வழித்தோன்றல். பெரிய குடும்பத்தின் பொறுப்புகளும் பிள்ளைகளின் வளர்ப்பும் சுனயனியை ஆட்கொண்டன. ஆண்டுகள் கடந்தன.

அண்ணன்மாரோ வீட்டின் தென்புறத் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓவியம் தீட்டினர். அவர்கள் புகழ் வளர்ந்தது. 1905இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது. அவ்வாண்டு அவனீந்திரநாதர் பாரத மாதாவின் ஓவியத்தைத் தீட்டினார். நம் மண்ணுக்கு உரிய ஓவியம் எது என்னும் கேள்வி எங்கும் எழுந்தது.

அக்காலத்தில்தான் சுனயனி தூரிகை எடுத்தார். அவருக்கு அப்போது வயது முப்பது. பன்னிரண்டில் மணம் புரிந்து தாயாகிவிட்ட அக்காலப் பெண்ணுக்கு முப்பது என்பது நடுவயது. புதிதாக ஒன்றைத் தொடங்கும் பருவமாக அதை எவரும் எண்ணவில்லை. அவர் எந்தப் பள்ளிக்கும் செல்லவில்லை. அண்ணன்மாரிடமும் முறையாகப் பாடம் கேட்கவில்லை. அவர்கள் தீட்டுவதைக் கண்டிருந்தார். அவர்களைப் போலவே தீட்ட அவர் முனையவில்லை. சிறுவயதில் கண்ட படங்களும் பொம்மைகளும் அவருக்கு வழிகாட்டின.

அவருக்கெனத் தனி ஓவியக்கூடம் கிடையாது. வீட்டின் நடுவே, மரக்கட்டிலின்மேல் அமர்ந்து வரைந்தார். சுற்றிலும் பிள்ளைகளின் ஆரவாரமும் வீட்டு அலுவல்களும் நடந்துகொண்டே இருந்தன. வேலைகளுக்கு இடையே நாள்தோறும் சிறிது நேரத்தை ஓவியத்திற்கென ஒதுக்கினார்.

அவர் தீட்டிய முறை எளியது. முதலில் செந்நிறத்திலோ கருநிறத்திலோ தூரிகையால் கோட்டுருவம் வரைவார். பின்பு நீர்வண்ணம் தீட்டுவார். தீட்டிய தாளைத் தண்ணீரில் நனைப்பார். வண்ணம் கலைந்து மென்மையாகப் பரவும். அவ்வாறு தெளிந்து வரும் உருவத்திற்கு மீண்டும் வண்ணம் சேர்ப்பார். தம் ஓவியங்களுள் பல கனவில் கண்டவை என அவர் கூறியதுண்டு.

கண்ணன், இராதை, சிவன், பார்வதி, பால்காரப் பெண்கள், முக்காடிட்ட இல்லத்தரசியர் ஆகியோரே அவருடைய ஓவிய மாந்தர். உருண்ட முகமும், பாதி மூடிய நீண்ட விழிகளும் கொண்டவர்கள் அவர்கள். சுனயனி என்னும் பெயருக்கு அழகிய கண்களை உடையவள் என்பது பொருள். அவருடைய ஓவியங்களிலும் முதலில் நம்மை ஈர்ப்பவை கண்களே.

பெற்ற புகழ்

அந்தப்புரத்தில் பிறந்த ஓவியங்கள் மெல்ல வெளியுலகை அடைந்தன. 1922 டிசம்பரில் இந்தியக் கீழ்த்திசைக் கலைக் கழகம் கல்கத்தாவில் ஒரு கண்காட்சி நடத்தியது. பால் கிளே, கண்டின்ஸ்கி முதலிய ஐரோப்பிய ஓவியர்களின் படைப்புகள் அதில் வைக்கப்பட்டன. அதே கண்காட்சியில் சுனயனியின் ஓவியங்களும் இடம்பெற்றன. வியன்னாவில் பயின்ற கலை அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அவற்றைப் போற்றி எழுதினார். 1927இல் இலண்டனில் நடந்த பெண் ஓவியர்களின் கண்காட்சியிலும் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன.

நாட்டுப்புறக் கலையிலிருந்து புதிய ஓவியத்தை உருவாக்கியவர் என யாமினி ராய் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். அவருக்கு முன்னரே அவ்வழியில் நடந்தவர் சுனயனி. ஆயினும் அண்ணன்மாரின் பெயர் நாடெங்கும் பரவிய அளவு தங்கையின் பெயர் பரவவில்லை. கணவரின் மறைவுக்குப் பின் அவர் ஓவியம் தீட்டுவதும் நின்றது. 1962ஆம் ஆண்டு, தம் எண்பத்தாறாம் வயதில், சுனயனி தேவி இயற்கை எய்தினார். அவருடைய ஓவியங்கள் சில இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

பாடம் உணர்த்துவது

கற்பிப்பார் இல்லாத இடத்தில், வீட்டுத் தரையும் சுவரும் பழஞ்சேலையும் சுனயனிக்குப் பள்ளியாயின. அங்குக் கற்றதை வெளிப்படுத்த அவர் முப்பது வயதுவரை காத்திருக்க நேர்ந்தது. வாய்ப்பு முன்னரே கிடைத்திருந்தால் அவர் இன்னும் பல ஓவியங்களைப் படைத்திருக்கக்கூடும். எனினும் தாமதமாயிற்று என்று அவர் தயங்கி நிற்கவில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் உடன் கொண்டுவர இயலாது. பாட்டி இடும் கோலமும், கொலுப்படியில் வைக்கும் மண்பொம்மையும், பூசையறைப் படமும் உடன் வரும். அவற்றை உற்று நோக்கும் குழந்தை ஒரு செல்வத்தைச் சேர்த்து வைக்கிறது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில், 1935இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் உள்ளது. இரவிவர்மாவின் ஓவியங்களையும் வங்க ஓவியர்களின் படைப்புகளையும் அங்கே காணலாம்.

சொற்பொருள்

தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
அந்தப்புரம் – பெண்கள் வாழும் வீட்டின் உட்பகுதி
பெண்டிர் – பெண்கள்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
ஆரவாரம் – பேரொலி
கோட்டுருவம் – கோடுகளால் ஆன வடிவம்

பயிற்சி

1. சுனயனி தேவியின் அண்ணன்மார் யாவர்?
2. சிறுவயதில் சுனயனியின் கண்களைக் கவர்ந்தவை எவை?
3. சுனயனி ஓவியம் தீட்டிய முறையை ஐந்து வரிகளில் எழுதுக.
4. ஒரே வீட்டில் பிறந்தும் அண்ணன்மாருக்குக் கிடைத்த வாய்ப்பு தங்கைக்குக் கிடைக்காதது ஏன்? நும் கருத்தை எழுதுக.
5. பிரித்து எழுதுக: பழஞ்சேலை, செந்நிறம், அத்தையல்.
6. செயல்பாடு: நும் வீட்டில் மூத்தவர் ஒருவர், தம் சிறுவயதில் சொந்த ஊரில் கண்டு மறவாத ஒரு காட்சியைக் கேட்டறிக. அதனைப் படமாக வரைந்து, கீழே இரண்டு வரி எழுதுக.