மைசூர் நாட்டை ஊர் ஊராக அளந்த மெக்கன்சி

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் தினமும் இறங்கி வேலைக்குச் செல்லும் தமிழர்கள் ஏராளம். அந்த இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் நிற்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். நகரத்தின் பழைய வரைபடங்களைப் பார்த்தால் இது விளங்கும். நகரம் மட்டும் அல்ல, மைசூர் நாடு முழுவதையுமே ஊர், ஏரி, காடு, பாதை என்று அளந்து படமாக்கியவர் காலின் மெக்கன்சி.

இவர் 1754-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தார். சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை வந்து இறங்கினார். பிறகு மதுரைக்குப் போனார். அங்கே பண்டிதர்களோடு பழகியதில்தான் இந்த நாட்டின் பழைய சரித்திரத்தைத் தேடும் ஆசை அவருக்குப் பிறந்தது.

1799 மே 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. போரில் திப்பு சுல்தான் மாண்டார். அவருடைய ராஜ்யத்தைக் கம்பெனியும், நிஜாமும், மைசூர் ராஜவம்சமும் பங்கு பிரித்துக்கொண்டனர். எந்த ஊர் யாருக்கு? எல்லை எங்கே? வரி எவ்வளவு வரும்? இதற்கு வரைபடம் தேவைப்பட்டது. கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை.

அந்த வேலை மெக்கன்சியிடம் வந்தது. 1800-ல் தொடங்கி ஏறக்குறைய 10 ஆண்டுகள் நடந்தது. குன்றின் உச்சியில் கொடி நாட்டி, இன்னொரு குன்றில் இருந்து தியோடலைட் கருவியால் கோணம் பார்ப்பார்கள். அப்படி முக்கோணம் முக்கோணமாக நாட்டைப் பிரித்து, அதற்குள் ஊர்களையும் ஓடைகளையும் நிரப்புவார்கள். சென்னை சர்வே பள்ளியில் படித்த இளைஞர்கள் பலர் இதில் உழைத்தனர். செலவு அதிகம் என்று கம்பெனி நடுவிலேயே பணத்தைக் குறைத்தது. காட்டு ஜுரம் வேறு வாட்டியது. ஆனாலும் சுமார் 40 ஆயிரம் சதுர மைல் அளந்து முடிக்கப்பட்டது.

வெறும் கோடும் புள்ளியும் அவருக்குப் போதவில்லை. ஊர் எப்படி உண்டாயிற்று, ஏரியை வெட்டியது யார், கோவில் மானியம் யார் கொடுத்தது என்பதெல்லாம் வேண்டும். ஆனால் அவருக்கு நம் நாட்டு மொழிகள் சரளமாக வராது. அங்கேதான் காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர் கைகொடுத்தார். சர்வே என்றாலே வரியை உயர்த்த வருகிறார்கள் என்று கிராமத்தார் பயப்படுவது இயல்பு. போரய்யா போய் நயமாகப் பேசுவார். ஊர்க் கணக்கரிடம் பழைய ஏடுகளைக் கேட்டு வாங்குவார். கல்வெட்டுகளைப் பிரதி எடுப்பார். 1803-ல் இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அந்த வேலையைத் தொடர்ந்தார்.

1815-ல் மெக்கன்சி இந்தியா முழுவதற்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821 மே 8-ந்தேதி கல்கத்தா அருகே காலமானார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் சேர்த்தவற்றில் 8,076 கல்வெட்டுப் பிரதிகளும், 6,218 நாணயங்களும் இருந்தன. அவற்றை அவருடைய மனைவியிடம் இருந்து கம்பெனி 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவர் திரட்டிய சுவடிகளும் கைபீதுகளும் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடித்து, அந்த ஊரின் கைபீதையும் சேர்த்துப் படித்தால், இருநூறு ஆண்டுக்கு முன் அங்கு இருந்தவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்ன கதை கிடைக்கும். சரித்திர ஆராய்ச்சியாளர்கள் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள்.

லட்சுமய்யா மட்டும் ஏமாந்து போனார். எஜமானர் இறந்த பிறகு, ஊர்ச் சரித்திரங்கள் திரட்டும் பணியைத் தானே தொடர அனுமதி கேட்டார். 1830-களில் கல்கத்தா ஆசியச் சங்கத்தார் அதைப் பரிசீலித்தனர். இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் அல்ல என்று மறுத்துவிட்டனர்.