நாகசுரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளை

தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, பிறமொழி வழங்கும் நகரங்களில் குடியிருப்புக்கள் அமைத்து வாழும் நம்மவர், வரும்பொழுது உடன் கொணர்ந்த பொருள்கள் பல. வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் வந்தன. அவற்றோடு சில இல்லங்களுக்குக் கிராமபோன் பெட்டியும் இசைத்தட்டுக்களும் வந்தன. காலம் மாறியது. பெட்டி பரண் ஏறியது, தட்டுக்கள் மறக்கப்பட்டன. இப்பொழுதோ அத்தட்டுக்கள் மீண்டும் தேடப்படுகின்றன. தூசு படிந்த அரக்குத் தட்டுக்களைத் துடைத்துத் தூய்மை செய்து, அவற்றின் ஒலியைப் புதிய கருவிகளில் பதிந்து, இணையத்தின் வாயிலாக எல்லோரும் கேட்குமாறு செய்யும் இசையன்பர்கள் பலர் தோன்றியுள்ளனர். பாட்டனார் கேட்ட இசையைப் பேரன் இன்று கேட்டு வியக்கின்றான். அவ்வாறு மீண்டும் விரும்பிக் கேட்கப்படும் இசையுள் முன்வரிசையில் நிற்பது, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் நாகசுரம். அப்பெருமகனாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

சோழவளநாட்டில் ஞானசம்பந்தர் பாடல் பெற்ற திருமருகல் என்னும் தலத்தில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன் என்பது. தாய்மாமனாராகிய திருமருகல் நடேச பிள்ளை, நாகசுரக் கலையில் பெரும்புகழ் பெற்றவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கியவர். அவரே மருகனைத் தம் மகனாகப் பாவித்து வளர்த்தார். இராஜரத்தினம் என்னும் பெயருக்கு முன்னே அம்மாமனாரின் பெயர் என்றும் நிலைத்து நின்றது.

சிறுவர் முதலிற் பயின்றது நாகசுரம் அன்று, வாய்ப்பாட்டேயாகும். பிடில் வித்தையில் ஒப்பற்றவராகிய திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இவர் பாடக் கற்றார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இவ்வரிசை கருதத்தக்கது. குரலால் இசையை உணர்ந்தபின் குழலைக் கையில் எடுத்தவர் ஆதலின், இவருடைய வாசிப்பு பாடுவது போலவே அமைந்தது. மூச்சு எங்கே நிற்கும், சொல் எங்கே வளையும் என்பதை அறிந்தவர் பாடகர். அவ்வறிவு விரல் வழியாகவும் சீவாளி வழியாகவும் வெளிப்பட்டபொழுது, கேட்டோர் மயங்கினர். பாடகர்களே இவரைக் கேட்டுக் கற்க வந்தனர். ஜி. என். பாலசுப்பிரமணியம் இவருடைய இராக ஆலாபனையில் பெரிதும் ஈடுபட்டவர் என்பதை இசையுலகம் நன்கு அறியும்.

கருவியிற் புகுந்த மாற்றம்

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் நாகசுரம். அது நீளத்தில் குறைந்தது, சுருதியில் உயர்ந்தது. தேர் ஓடும் வீதியிலும் நள்ளிரவுப் புறப்பாட்டிலும் ஊர் முழுவதும் கேட்க வேண்டிய கருவிக்கு அவ்வுயர்ந்த ஒலி ஏற்றதாயிருந்தது. ஆனால் மண்டபத்துள் அமர்ந்து நுணுக்கமாகக் கேட்போர் காதுக்கு அது சற்றே கடுமையாக ஒலித்தது. நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமான பாரி நாகசுரத்தைப் பெருவழக்காக்கிய பெருமை நம் பிள்ளையவர்களுக்கே உரியது.

மற்றொரு குறையும் இருந்தது. பழைய கருவியில் சுத்த மத்திமம் இயல்பாகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதனை வருவித்துக்கொள்ளவேண்டும். கும்பகோணத்திற்கு அணித்தாகிய நரசிங்கம்பேட்டை, நாகசுரம் செய்யும் ஆசாரிமார் வாழும் ஊர். பழைய வீடுகளிற் கிடைக்கும், நன்கு உலர்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து அவர்கள் கருவி செய்கின்றனர். அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியார் பன்முறை முயன்று, சுத்த மத்திமம் தூய்மையாகப் பேசும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். பிள்ளையவர்கள் அதனை ஏற்றுப் போற்றினார். 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கௌரவத்தின் வேரில் இவ்விருவர் உழைப்பும் உண்டு என்பது மிகையாகாது.

மேடையும் மதிப்பும்

கோயிலிலும் கலியாணத்திலும் இன்றியமையாத நாகசுரக் கலைஞருக்கு, சமூகத்தில் உரிய மதிப்பு இல்லாதிருந்தது. பெரியோர் முன்னிலையில் அவர்கள் சட்டையின்றி, துண்டை இடையிற் கட்டிக்கொண்டு, நின்றவண்ணமே வாசித்தல் வழக்கம். மற்றைய வித்துவான்கள் மேடையில் அமர, மங்கல இசை தருவோர் மட்டும் நிற்பது நீதியோ என்று பிள்ளையவர்கள் உள்ளம் கொதித்தது. அவர் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வாணி அணிந்தார், பட்டும் வைரமும் பூண்டார், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். இது ஆடம்பரம் என்று சிலர் இகழ்ந்தனர். ஆயினும், அவ்வுடைக்குள்ளே ஒரு குலத்தின் தன்மானம் இருந்தது. அவர் அமர்ந்த பிறகே பிறரும் அமர்ந்தனர்.

தவில் மேதையாகிய நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்குத் தவில் வாசித்த இரவுகளைப் பற்றி முதியோர் கதை கதையாகக் கூறக் கேட்டுள்ளோம். 1940ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் என்னும் படத்தில் இவர் கவி காளமேகமாக நடித்தார். படம் வெற்றி பெறவில்லை, புகழ் குறையவுமில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், திருவாவடுதுறை ஆதீனத்தார் ஜவாஹர்லால் நேருவுக்குச் செங்கோல் வழங்கியபொழுது, தில்லி மாநகரில் ஒலித்த நாகசுரம் இவருடையதே. நாடு விடுதலை பெறும் வேளையில் காவிரிக்கரையின் மங்கல இசை யமுனைக்கரையில் முழங்கியது என்பது, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

தோடியும் தட்டும்

இராஜரத்தினம் என்றால் தோடி. தோடி என்றால் இராஜரத்தினம் என்று மக்கள் கூறுவர். கோயில் வாயிலில் ஒரே இராகத்தை மணிக்கணக்காக விரித்து வாசித்தவர் அவர். அவரையும் இசைத்தட்டு ஓர் எல்லைக்குள் நிறுத்திற்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுந்த இசையே அடங்கும். ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுத்து மறுபக்கம் கேட்டாகவேண்டும். கடலைக் கமண்டலத்தில் அடக்குவது போன்ற அச்செயலை அவர் திறம்படச் செய்தார். அத்தட்டிலே வீண் சுரம் ஒன்றும் இல்லை. தொடங்கிய கணத்திலேயே தோடியின் முகம் தோன்றுகின்றது, காந்தாரம் அசைகின்றது, மேல் ஷட்ஜத்தில் நின்று இறங்கும்பொழுது, கேட்பவர் நெஞ்சமும் உடன் இறங்குகின்றது.

ஆலாபனைக்குச் சொல் இல்லை. ஆதலின் மொழி அறியாதாரும் அதில் தோயலாம். தமிழைத் திருத்தமாகப் படிக்க இயலாத நம் வீட்டுக் குழந்தைகளும் அவ்வொலியில் தம் பாட்டனார் ஊரைக் கேட்கின்றனர். நீண்ட தட்டாகவும், ஒலிநாடாவாகவும், பின்னர்க் குறுந்தட்டாகவும் வடிவம் மாறி வந்த பழைய இசைப்பதிவுகள், தேய்ந்த ஊசியின் இரைச்சலோடு கேட்பினும் உயிரிழக்கவில்லை.

இறுதி நாட்கள்

பிள்ளையவர்களின் வாழ்வு எல்லா வகையிலும் பின்பற்றத்தக்கது என்று நாம் கூறோம். அவர் ஈட்டிய பொருள் மிகுதி. சேர்த்தது சிறிதும் இல்லை. கேட்டோர்க்கு வாரி வழங்கினார்; தமக்கும் வரம்பின்றிச் செலவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராது போய் மக்களை ஏமாற்றியதும் உண்டு. ஆயினும், மறுமுறை அவர் வருகிறார் என்ற செய்தி கேட்டால் அதே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். 1955ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியின் விருது அவரை வந்தடைந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், தம் 58ஆம் அகவையில், சென்னையில் அவர் மறைந்தார். அவர் பாணியைத் தொடர்ந்த மாணவராகிய காருகுறிச்சி அருணாசலம், 1962ஆம் ஆண்டில் கொஞ்சும் சலங்கை படத்தின் வாயிலாக நாகசுரத்தைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பினார். அவரும் 1964ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்தது தமிழிசையின் தவக்குறையே.

நம் கடமை

இங்கே ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. நாகசுரத்தை உலகெங்கும் கொண்டுசென்ற அதே தட்டு, நாகசுரக்காரர் இன்றியே கலியாணம் நடத்தவும் வழி செய்துவிட்டது. காலனியில் முகூர்த்த வேளையில் கெட்டிமேளத்தைப் பெட்டியிலிருந்து ஒலிக்கச் செய்து நாம் மனநிறைவு கொள்கின்றோம். செலவும் தொலைவும் கருதி அவ்வாறு செய்வது இயல்பே. ஆனால் அவ்வொலியின் உரிமையாளர் வாழ்நாளெல்லாம் வேண்டியது யாது? கலைஞனுக்கு மேடையில் ஓர் இருக்கை. தட்டை மட்டும் வைத்துக்கொண்டு கலைஞனை அழையாதிருப்பின், அவ்விருக்கை வெறுமையாகிவிடும் அன்றோ?

ஆகவே, பழைய தட்டு உள்ள அன்பர்கள் அதனைப் பரணிலிருந்து இறக்கிக் குழந்தைகளுக்குக் கேட்பியுங்கள். பேரொலி செய்யும் கருவியில் இத்துணை மென்மை எங்ஙனம் பிறந்தது என்பதை எடுத்துக் கூறுங்கள். வீட்டில் மங்கலம் நிகழும்பொழுது, இயன்றவர்கள் தஞ்சைத் தரணியிலிருந்து ஒரு நாகசுரக் குழுவினரை வரவழையுங்கள். ஒருவரால் இயலாதாயின் பல குடும்பத்தார் கூடிச் செய்யுங்கள். வந்தவர்களை விருந்தினராக ஏற்று, மேடையில் அமரச் செய்து, அமைதியாகக் கேளுங்கள். தட்டில் வாழும் இராஜரத்தினம் பிள்ளை அவர்களுக்கு நாம் செய்யும் வணக்கம் அதுவே ஆகும்.

வாழ்க அவர் புகழ்! வளர்க தமிழிசை!