பாதி உலகை இழந்த தலைவர்

என் தாத்தா பக்கவாதத்திலிருந்து ஒருவாறு தேறிய பிறகு, இலையின் வலப்பாதியில் உள்ளதை மட்டும் உண்பார். பொரியல் வைக்கவில்லையே என்று குறைப்படுவார். இடப்பாதியில் பொரியல் அப்படியே கிடக்கும். கிழவருக்குப் பிடிவாதம் என்றனர் வீட்டார். நானும் அப்படித்தான் எண்ணினேன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சனின் வரலாற்றைப் படித்த பின்னரே என் பிழை எனக்கு விளங்கியது.

வில்சன் 1856 டிசம்பர் 28 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பாதிரியார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பேராசிரியராகி, 1902-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1906-இல் ஒருநாள் காலை கண்விழித்தபோது இடக்கண்ணில் பார்வை இல்லை. இரத்தக்குழாய் நோய் அன்றே எச்சரித்தது. ஆயினும் அவர் ஓயவில்லை. 1913-இல் ஜனாதிபதியானார்.

முதல் உலகப் போர் முடிந்தது. இனிப் போரே வேண்டாம் என்று சர்வதேச சங்கம் ஒன்றை நிறுவ விரும்பினார் வில்சன். 1919-இல் பாரிசில் பல மாதங்கள் உழைத்து அதை உடன்படிக்கையில் சேர்த்தார். அமெரிக்க செனட் சபையோ அதனை ஏற்கத் தயங்கியது. மக்களிடமே முறையிடுவோம் என்று செப்டம்பரில் ரயிலேறி ஊர் ஊராகப் பேசினார். 25-ஆம் தேதி கொலராடோவின் பியூப்ளோ நகரில் பேசிய பின் உடல் சோர்ந்தது, பயணம் நின்றது. அக்டோபர் 2 அன்று வாஷிங்டனில் பக்கவாதம் தாக்கியது. இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன.

கை கால் மட்டுமா போயின? இடப்புற உலகமே அவருக்கு இல்லாமற் போயிற்று என்று பிற்கால மருத்துவ ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். காண வருவோரை அவருடைய வலப்புறமாகவே அழைத்து வந்தனர்.

நண்பர்களே, இது கண்ணின் குறை மட்டும் அன்று, கவனத்தின் குறை. மூளையின் இடப்பாதி பெரும்பாலும் வலப்புறத்தையே கவனிக்கிறது. வலப்பாதியோ இருபுறத்தையும் கவனிக்கிறது. ஆகவே வலப்பாதி பழுதுபட்டால் இடப்புறத்தைக் காக்க ஆளில்லை. பழுதுபடாத இடப்பாதியின் செயல் அப்போது ஓங்கி நிற்பதையும், நோயாளி தேறத் தேற இரு பாதிகளும் மீண்டும் சமநிலைக்கு வருவதையும் இந்நூற்றாண்டில் மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. இதனினும் கொடியது ஒன்றுண்டு. இழந்தவருக்குத் தாம் இழந்தது தெரிவதில்லை.

வில்சனுக்கும் தம் நிலை முழுதும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மனைவி ஈடித்தும் மருத்துவர் கிரேசனும் நோயின் தன்மையை நாட்டுக்கு மறைத்தனர். டிசம்பரில் இரு செனட்டர்கள் பார்க்க வந்தபோது இடக்கை போர்வைக்குள் மறைந்திருந்தது. செனட் கேட்ட திருத்தங்களை ஏற்க வேண்டாமெனத் தம் கட்சியினரைத் தடுத்தார் வில்சன். 1920 மார்ச் 19-இல் உடன்படிக்கைக்கு 49 வாக்குகள் ஆதரவு, 35 எதிர்ப்பு. மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. தாம் கண்ட சங்கத்தில் தம் நாடே சேரவில்லை. அந்நிலையிலும் மூன்றாம் முறை ஜனாதிபதியாகலாம் என்று நம்பினார்! 1924 பிப்ரவரி 3 அன்று மறைந்தார்.

இளமையிலேயே விட்டுக்கொடாதவர் அவர். எல்லாவற்றையும் நோயின்மேல் ஏற்றுவது முறையன்று. ஆனால் நோயை மறைத்தவர்கள், அவருக்கு எது தெரியவில்லை என்பதை எடுத்துச் சொல்லும் வாய்ப்பையும் மறைத்துவிட்டனர்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது தாத்தாவின் இலையை மெல்லத் திருப்பி வைத்தேன். பொரியல் வந்துவிட்டதா என்று மகிழ்ந்து உண்டார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அவரை யாரும் பிடிவாதக்காரர் என்று சொல்வதில்லை.