டென்னிஸ் ரிட்சி: சிறு நிரல்களின் பெருவாழ்வு

நுழையும்முன்

தேர்வு முடிவைக் கைப்பேசியில் தேடுகிறோம். பாடநூலைப் பதிவிறக்கம் செய்கிறோம். நாம் கேட்கும் கோப்பை எங்கோ உள்ள ஓர் இணையச் சேவையகம் எடுத்துத் தருகிறது. அத்தகைய சேவையக நிரல்களுள் பல, ‘சி’ என்னும் கணினிமொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியை ஆக்கியவர் டென்னிஸ் ரிட்சி. ஒரு நிரலை எழுதி முடித்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. அதனைப் பேணுவதும் திருத்திச் செம்மை செய்வதும் தொடர்ந்து ஆற்ற வேண்டிய கடமைகள். அவருடைய வாழ்வு உணர்த்தும் இவ்வுண்மையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி, 1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிராங்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை அலிஸ்டர் ரிட்சி, தொலைபேசித் துறையில் புகழ்பெற்ற பெல் ஆய்வகத்தில் அறிவியலாளராகப் பணியாற்றியவர். குடும்பம் நியூஜெர்சி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்ததால், டென்னிஸ் அங்குள்ள சம்மிட் நகரில் வளர்ந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வு மேற்கொண்டார். ஆய்வேட்டை எழுதி முடித்த அவர், அதன் இறுதிப் படியை நூலகத்தில் முறைப்படி ஒப்படைக்கவில்லை. ஆகவே, முனைவர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1967ஆம் ஆண்டிலேயே தந்தை பணியாற்றிய பெல் ஆய்வகத்தில் சேர்ந்த அவர், தம் பணிக்காலம் முழுவதையும் அதன் வழிவந்த நிறுவனங்களிலேயே கழித்தார்.

பெரிதில் கற்ற பாடம்

அக்காலத்தில் பெல் ஆய்வகம், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடனும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துடனும் இணைந்து ‘மல்டிக்ஸ்’ என்னும் மாபெரும் இயக்க அமைப்பை உருவாக்கி வந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி செய்வது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே, எனினும், திட்டம் நாளுக்கு நாள் விரிந்தது, செலவும் காலமும் பெருகின. 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியது.

ரிட்சியும் அவருடைய நண்பர் கென் தாம்சனும் மனந்தளரவில்லை. அதிகம் பயன்படாமல் கிடந்த ‘பி.டி.பி-7’ என்னும் சிறிய கணினியில், தாம்சன் எளிய இயக்க அமைப்பொன்றை எழுதத் தொடங்கினார். ரிட்சியும் பிறரும் துணைநின்றனர். அதுவே ‘யூனிக்ஸ்’ எனப் பெயர் பெற்றது.

அடுத்து வாங்கப்பட்ட ‘பி.டி.பி-11’ கணினியின் நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படம் அதனினும் நூறு மடங்கு இடம் கொள்ளக்கூடும். இயக்க அமைப்பும் பயனர்களின் நிரல்களும் அச்சிறு இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எது இன்றியமையாதது, எதனை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு பைட்டிற்கும் கணக்குப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

சி மொழியின் தோற்றம்

அன்றைய இயக்க அமைப்புகள் பெரும்பாலும் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டன. அம்மொழி கணினிக்குக் கணினி வேறுபடும். புதிய கணினி வந்தால், பழைய நிரல் முழுவதையும் மீண்டும் எழுத நேரிடும். தாம்சன் உருவாக்கியிருந்த ‘பி’ என்னும் எளிய மொழியோ, எழுத்தையும் எண்ணையும் வேறுபடுத்தாமல் எல்லாத் தரவையும் ஒரே அளவுள்ள சொல்லாகவே கருதியது. பைட்டு பைட்டாக முகவரியிடும் புதிய கணினிக்கு அது பொருந்தவில்லை.

ரிட்சி அம்மொழியை ஒருசேரத் தூக்கி எறியவில்லை; படிப்படியாகத் திருத்தினார். எழுத்து, முழு எண் என்னும் தரவினங்களைச் சேர்த்தார். நிரல்பெயர்ப்பியைப் புதிதாக எழுதினார். 1972ஆம் ஆண்டளவில் அது சி மொழியாக வடிவுகொண்டது. அவ்வாண்டில் யூனிக்ஸின் கருப்பகுதியை அம்மொழியில் எழுதத் தாம்சன் முயன்றார், முயற்சி கைகூடவில்லை. பல்வேறு தரவுகளை ஒன்றாகத் தொகுக்கும் ‘கட்டுரு’ என்னும் அமைப்பை ரிட்சி மொழியில் சேர்த்த பின்னர், 1973ஆம் ஆண்டுக் கோடையில் அப்பணி வெற்றி பெற்றது. குறை எங்குள்ளது எனக் கண்டு, அதனை மட்டும் நீக்கி முன்னேறும் நெறிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1978ஆம் ஆண்டில் பிரையன் கெர்னிகனுடன் இணைந்து ரிட்சி எழுதிய சி மொழி நூல், ஏறத்தாழ 230 பக்கங்களே கொண்டது. உலகெங்கும் நிரலர்கள் அந்நூலை முன்வைத்தே அம்மொழியைக் கற்றனர். நம் பள்ளிகளில் கணினி அறிவியல் மாணவர்கள் பயிலும் சி++ மொழியும் சி மொழியின் வழிவந்ததே.

கோப்பு என்னும் ஒரே வடிவம்

யூனிக்ஸின் சிறப்புகளுள் ஒன்று, பலவற்றையும் கோப்பாகவே கருதும் எளிமை. வட்டிலுள்ள ஆவணம், விசைப்பலகை, அச்சுப்பொறி என எதுவாயினும் திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் சில செயல்களால் அதனைக் கையாளலாம். பிற்காலத்தில் கணினி வலையமைப்பு வந்தபோது, தொலைவிலுள்ள கணினியுடனான இணைப்பும் இம்முறையிலேயே கையாளப்பட்டது.

இதனால், இணையத்தில் கோப்பு வழங்கும் சேவையகத்தின் அடிப்படைப் பணி மிக எளிதாயிற்று. உலாவி ஒரு கோப்பின் பெயரை அனுப்புகிறது. சேவையகம் அப்பெயரைப் படித்து, வட்டிலுள்ள கோப்பைத் திறந்து, அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து இணைப்பில் எழுதிவிடுகிறது. வீட்டிலுள்ள இணையத் திசைவி போன்ற சிறு கருவிகளுக்குள்ளும் இத்தகைய சேவையகம் இடம்பெற முடிவது, அதன் உருவம் சிறியதாக இருப்பதனால்தான்.

பேணுதல் என்னும் பணி

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் மின்தொடர் வண்டிகளுக்கான பணிமனை உள்ளது. தடத்தில் ஓடிய வண்டிகளை அங்கே சோதிக்கின்றனர். தேய்ந்த உறுப்புகளை மாற்றுகின்றனர். பயணம் செய்வோர் அப்பணியைக் காண்பதில்லை. ஆயினும், வண்டி தடையின்றி ஓடுவதற்கு அதுவே காரணம். இரும்பு தேயும், நிரல் தேய்வதில்லை. ஆனால், நிரலைச் சூழ்ந்துள்ள உலகம் மாறுகிறது. புதிய கணினிகள் வருகின்றன, பயனர்கள் பெருகுகின்றனர், தீய நோக்குடையோரும் வருகின்றனர். எனவே, நிரலுக்கும் பணிமனை வேண்டும்.

அப்பணியின் அருமையை ரிட்சி தம் மொழியிலேயே கண்டார். கணிதத்தில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, கணினிமொழியிலும் செயற்குறிகளுக்கு முன்னுரிமை வரிசை உண்டு. தொடக்கத்தில், பிட்டுகளை ஒப்பிடவும் இரு நிபந்தனைகளை இணைக்கவும் ஒரே குறி பயன்பட்டது. பின்னர், நிபந்தனைகளை இணைக்கத் தனிக்குறி சேர்க்கப்பட்டது. அப்போதே பழைய குறியின் முன்னுரிமையையும் மாற்றியிருக்கலாம். ஆனால், முன்பே எழுதப்பட்ட நிரல்கள் அதனால் பிழைபடும் என்று கருதிய ரிட்சி, அதனை மாற்றாமல் விட்டார். அன்று சி மொழியைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். இன்றோ உலகெங்குமுள்ள நிரலர்கள் அவ்விடத்தில் அடைப்புக்குறி இட மறந்தால் பிழைக்கு ஆளாகின்றனர். மாற்றியிருந்தால் நலமாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். சிறு வயதில் திருத்தாத பழக்கம் முதுமைவரை தொடர்வதைப்போல, சிறு நிரலில் விட்ட குறையும் நிலைத்துவிடுகிறது.

மாற்றத்தை மறுப்பதும் சில வேளைகளில் பேணுதலே. சி மொழிக்குத் தேசியத் தரம் வகுத்த குழு, 1988ஆம் ஆண்டளவில் புதிய கூறொன்றை அதில் சேர்க்க முனைந்தது. அது குழப்பத்தையே விளைவிக்கும் என்று ரிட்சி காரணங்களுடன் எழுத, குழு அதனைக் கைவிட்டது. அதேவேளை, செயற்கூறுகளுக்கு அனுப்பப்படும் தரவுகளின் இனத்தைச் சரிபார்க்கும் புதிய முறையை அவர் வரவேற்றார். 1989ஆம் ஆண்டில் அம்மொழி தரப்படுத்தப்பட்டது.

எல்லை காக்கத் தவறிய சேவையகம்

சி மொழி நிரலரை முழுமையாக நம்புகிறது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்திற்கு அப்பால் எழுதினாலும், பொதுவாக அது தடுப்பதில்லை. அச்சோதனைகள் இல்லாமையே விரைவுக்கு ஒரு காரணம். ஆபத்துக்கும் அதுவே காரணம்.

1988 நவம்பர் 2 அன்று அவ்வாபத்து வெளிப்பட்டது. பயனர்களைப் பற்றிய விவரங்களை வழங்கும் சிறு சேவையகம் ஒன்று யூனிக்ஸ் கணினிகளில் இயங்கி வந்தது. அது வரும் கேள்விக்காக 512 பைட்டு இடத்தை ஒதுக்கியிருந்தது. ஆனால், கேள்வியைப் படிக்க அது பயன்படுத்திய செயற்கூறு, வருவதன் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மாணவர் அனுப்பிய ‘புழு’ நிரல் அவ்விடத்தை நிரப்பி வழியச் செய்து, கணினியைத் தன்வயப்படுத்தியது. இவ்வழியாலும் வேறு சில வழிகளாலும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அது பரவியது. அச்சேவையகத்திற்குத் தேவைப்பட்ட திருத்தமோ மிகச் சிறிது. எத்தனை பைட்டு வரை ஏற்கலாம் என எல்லை வகுக்கும் வேறொரு செயற்கூற்றை அவ்விடத்தில் அமைத்தாலே போதும்.

கோப்பு வழங்கும் சேவையகத்திற்கும் இவ்விழிப்புத் தேவை. யூனிக்ஸில் இரு புள்ளிகள் மேலுள்ள அடைவைக் குறிக்கும். கேட்கப்படும் பெயரில் அப்புள்ளிகளைச் சோதிக்காவிடின், பொதுக் கோப்பைக் கேட்பதுபோல் வந்து, மறைவான கோப்பைக் கவர்ந்து செல்ல இயலும். வருபவருக்குக் கூடத்தைத் திறந்துவிடலாம். உள்ளறையையும் திறந்து வைத்தல் தகாது.

பலர் கூடி இழுத்த தேர்

1993ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் ராபர்ட் மெக்கூல், சி மொழியில் இணையச் சேவையகம் ஒன்றை எழுதினார். பலரும் அதனைப் பயன்படுத்தினர். 1994ஆம் ஆண்டில் அவர் அங்கிருந்து விலக, நிரல் பேணுவாரின்றி நின்றது. அதனைப் பயன்படுத்தியவர்கள் தத்தம் கணினியில் தனித்தனியே பிழைகளைத் திருத்திக்கொண்டனர். ஒருவர் கண்ட தீர்வு மற்றவருக்குத் தெரியவில்லை. 1995ஆம் ஆண்டில் எண்மர் மின்னஞ்சல் வழியே ஒன்றுகூடி, அத்திருத்தங்களைத் தொகுத்தனர். அவ்வாறு பிறந்ததே ‘அப்பாச்சி’ என்னும் சேவையகம். ஓராண்டு அளவிலேயே அது உலகில் மிகுதியாகப் பயன்படும் இணையச் சேவையகமாயிற்று. மூலநிரல் அனைவருக்கும் திறந்திருந்ததாலும், பலர் படித்துப் பொருள்கொள்ளக்கூடிய மொழியில் அஃது அமைந்ததாலும் அப்பேணுதல் கைகூடியது.

விருதுகளும் மறைவும்

1983ஆம் ஆண்டில் கணினித் துறையின் உயரிய விருதாகிய டூரிங் விருது, ரிட்சிக்கும் தாம்சனுக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும், 2011ஆம் ஆண்டில் ஜப்பான் பரிசும் இருவரையும் சேர்ந்தே அடைந்தன. 2007ஆம் ஆண்டில் ரிட்சி பணி ஓய்வு பெற்றார்.

2011 அக்டோபர் 12 அன்று, நியூஜெர்சியிலுள்ள தம் இல்லத்தில் அவர் இறந்த நிலையில் காணப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு உலகமே அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. ரிட்சியின் மறைவைப் பொதுமக்களுள் அறிந்தவர் சிலரே. ஜாப்ஸின் கணினிகளுக்குள் இயங்கியதோ யூனிக்ஸ் மரபில் வந்த இயக்க அமைப்பு.

அவ்வாண்டு டிசம்பரில் சி மொழியின் புதிய தரம் வெளியாயிற்று. 1988ஆம் ஆண்டில் புழு நுழைய வழிவிட்ட அச்செயற்கூறு அதில் நீக்கப்பட்டது. ஆக்கியவர் மறைந்து இரு திங்கள் கழித்தும் அம்மொழியைத் திருத்தும் பணி தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அப்பணியில் ஈடுபடுவோருக்குப் பெரும்புகழ் கிட்டுவதில்லை. ஆயினும், நாளை நாம் கேட்கும் கோப்பு பிழையின்றி வந்து சேர்வது அவர்களால்தான்.

கற்பவை கற்றபின்

1. நிரல் தேய்வதில்லை, ஆயினும் அதற்குப் பேணுதல் தேவை. இக்கருத்தைப் பாடப்பகுதியின் வழி விளக்குக.

2. பழைய நிரல்கள் பிழைபடாமலிருக்க ஒரு குறையைத் திருத்தாமல் விடுவது சரியா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து விவாதிக்க.

3. உங்கள் ஊரில், கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் பேணுதல் பணி ஒன்றைக் கண்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.