உபேந்திரகிசோர் ராயின் வாழ்வில் எழுத்தும் படமும்

முன்னுரை

நூலட்டை, இதழ், விளம்பரம், பொருள்களின் மேலுறை, கைப்பேசித் திரை எனப் பல தளங்களிலும் விளக்க ஓவியத்தின் ஈர்ப்பு இன்று பெருகி வருகிறது. கணினிக் கருவிகளின் வரவே இதற்குக் காரணம் எனப் பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும், வரைந்த படம் வாசகரைச் சென்றடையும் வழியை ஓவியரே ஆராய்ந்து தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட முயற்சி, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வங்காளத்தில் நிகழ்ந்துள்ளது. அம்முயற்சிக்கு உரியவர் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி (1863-1915). சிறுவர் இலக்கிய வரலாற்றில் எழுத்தாளராகவும் அச்சு வரலாற்றில் தொழில்நுட்ப வல்லுநராகவும் பிரித்துப் பேசப்படும் அவரது வாழ்வை ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங் பகுதியின் மசுவா என்னும் ஊரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். உறவினரான நிலக்கிழார் ஹரிகிசோர் ராய் சௌத்ரி அவரைச் சிறுவயதில் தத்தெடுத்துப் புதுப்பெயர் சூட்டினார். கல்கத்தாவில் பயின்று 1884இல் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், பிரம்ம சமாஜத்தில் இணைந்தார். சமூகச் சீர்திருத்தவாதியான துவாரகநாத் கங்கூலியின் மகள் விதுமுகியை மணந்தார். எழுத்தோடு ஓவியத்திலும் இசையிலும் ஒளிப்படக் கலையிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார்.

சிதைந்த கோடுகள்

சிறுவர்களுக்காக இராமாயணத்தை எளிய வங்க உரைநடையில் எழுதி, அதற்குரிய படங்களையும் அவரே வரைந்தார். படத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவதே அக்கால வழக்கம். செதுக்குபவரின் கைக்கு மாறியபோது ஓவியத்தின் நுட்பங்கள் மறைந்தன. நூலில் வெளிவந்த படங்கள் அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. இக்குறையே அவரது வாழ்வின் திசையை மாற்றியது. 1895இல் இலண்டனின் பென்ரோஸ் நிறுவனத்திடமிருந்து கருவிகளை வரவழைத்து, கல்கத்தாவில் ஹாஃப்டோன் பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

குறுக்குக் கோடுகள் இடப்பட்ட கண்ணாடித் திரை வழியே படத்தை ஒளிப்படமாக்கும்போது, ஒளியும் நிழலும் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரிகின்றன. அப்புள்ளிகளை உலோகத் தகட்டில் பதித்து அமிலத்தால் அரித்தெடுத்தால் அச்சுக்குரிய பிளாக் கிடைக்கும். திரைக்கும் ஒளியுணர் தகட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு பிழைபட்டால் புள்ளியின் வடிவம் கெடும். பலரும் பழக்கத்தால் மட்டுமே அறிந்திருந்த இச்செயலைக் கணக்கின் வழி விளக்க அவர் முற்பட்டார். 1897 முதல் பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளிவந்த அவரது ஆங்கிலக் கட்டுரைகள் திரையின் அமைவு, புள்ளி உருவாகும் முறை, ஒளியின் விளிம்பு விலகல் ஆகியவற்றை ஆராய்ந்தன. மகன் சுகுமார் ராயும் 1911இல் அச்சுக்கலை பயில இங்கிலாந்து சென்றார்.

சந்தேஷ்

கிழக்கு வங்கப் பெண்கள் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டி, 1910இல் ‘துந்துனிர் பொய்’ என்னும் நூலாக்கினார். 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். செய்தி, இனிப்பு ஆகிய இரு பொருளும் தரும் பெயர் அது. எழுதுதல், வரைதல், பிளாக் செய்தல், அச்சிடுதல், வெளியிடுதல் ஆகிய அனைத்தும் இவ்விதழில் ஒருவரது மேற்பார்வையின்கீழ் அமைந்தன. கூபி, பாகா என்னும் இரு இசைப்பித்தர்களின் கதையை அவர் தம் படங்களுடன் இவ்விதழில்தான் வெளியிட்டார். பெயரன் சத்யஜித் ராய் 1969இல் திரைப்படமாக்கியது இக்கதையையே. சத்யஜித்தும் திரைப்படத்திற்கு வருமுன் விளம்பர வடிவமைப்பாளராகவும் நூலோவியராகவும் பணியாற்றியவர். 1915 திசம்பரில் உபேந்திரகிசோர் காலமானபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

முடிவுரை

உபேந்திரகிசோரின் வாழ்வில் ஓவியம் எழுத்துக்குப் பூட்டிய அணியாக நிற்கவில்லை. சிறுவர் கதையை உள்வாங்கும் மற்றொரு வாயிலாக நின்றது. அவ்வாயில் பழுதுபட்டதைக் கண்டபோது அவர் ஓவியத்தைக் கைவிடவில்லை. அச்சுமுறையையே திருத்த முனைந்தார். ஆகவே, படங்களை நீக்கி அவர் நூல்களை மறுபதிப்புச் செய்வது அவரது படைப்பின் ஒரு பாதியை இழப்பதாகும். கருவி புதிதாவதால் மட்டும் விளக்க ஓவியம் ஈர்ப்புப் பெறுவதில்லை. கருவியின் இயல்பை ஓவியர் அறிந்து ஆளும்போதே அது நிலைபெறுகிறது என்பதை அவரது வாழ்வு புலப்படுத்துகிறது.